எட்னா சரிவில் ஒரு சின்ன ஊரில் தங்கலாமா? ரந்தாட்சோவா, ஸஃபெரானாவா?

முனிக்_குமரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சிசிலி போகிறேன், விமானம் கட்டானியாவில் இறங்குகிறது. கேட்கிற ஆளெல்லாம் ஒரே பாட்டுதான் பாடுகிறார்கள்: தாவோர்மினாவில் அறை எடு, அங்கிருந்து எட்னாவுக்கு ஒருநாள் டூர் போ, கேபிள் காரில் ஏறு, போட்டோ எடு, இறங்கி வா. தாவோர்மினா அறை வாடகையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது, அது போகட்டும். எனக்கு ஆசை என்னவென்றால் எரிமலைச் சரிவிலேயே இருக்கிற ஏதாவது ஒரு சின்ன ஊரில் இரண்டு மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும். இத்தாலியில் கார் ஓட்ட எனக்குத் தைரியம் கிடையாது. அம்மா சைவம், கேக்கில் முட்டை இருந்தால் மட்டும் கண்டுகொள்ள மாட்டார். முட்டி வலி உண்டு, ஆகவே மலை ஏறுவதெல்லாம் நடக்காது. எந்த ஊர் நல்லது? அடிக்கடி வெடிக்கிற மலையாச்சே, பயம் ஒன்றும் இல்லையா? போர் அடிக்குமா?

ஆம்ஸ்டர்டாம்_ஆறுமுகம் எழுதியது:

போர் அடிக்கும்.

வழிப்போக்கன் எழுதியது:

குமரன், ஆறுமுகம் அண்ணன் எந்த ஊருக்குப் போனாலும் இதையேதான் சொல்வார், அதை ஒதுக்கி வையுங்கள். என் ஓட்டு ரந்தாட்சோவுக்கு. எட்னாவின் வடக்குச் சரிவில் 765 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பத்தாயிரம் பேர் வாழ்கிற ஊர், மலையைச் சுற்றியிருக்கும் ஊர்களிலேயே உச்சியின் எரிவாய்களுக்கு மிக அருகில் இருப்பது இதுதான், நேர்கோட்டில் போட்டால் சுமார் 15 கிலோமீட்டர். ஆனாலும் சுற்றுலாக் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை, தெற்குப் பக்கம் கேபிள் கார் இருப்பதால் பஸ்கள் எல்லாம் அந்தப் பக்கமே போய்விடுகின்றன.

ஊரே கறுப்பு. வாசற்படி, ஜன்னல் சட்டம், தெருவில் பாவிய கல், தேவாலயச் சுவர், எல்லாம் மலை கக்கிய லாவாக் கல். சாந்தா மரியா என்று 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பெரிய தேவாலயம் இருக்கிறது, உள்ளே நிற்கிற கறுப்புத் தூண்கள் ஒற்றைக் கல்லில் வெட்டியவை. அவசரப்படாமல் வெளிச்சுவர்ப் பக்கம் போய்க் கல்லைக் கிட்டத்தில் பாருங்கள். ஊசி நுழைகிற அளவில் தொடங்கி பட்டாணி அளவு வரை துளைத் துளையாக இருக்கும், லாவா உறையும்போது உள்ளே சிக்கிய வாயு விட்டுப்போன குமிழிகள் அவை. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் அந்தத் துளைகளுக்குள் ஏறியிருக்கிற மஞ்சள் பாசி கூடத் தெரியும். இதைப் பார்க்க முட்டி வலி ஒரு தடையே இல்லை, ஊர் மையம் பெரும்பாலும் சமதளம்தான்.

அப்புறம் இந்த ஊரின் மூன்று தேவாலயங்களுக்கு ஒரு கதை உண்டு. சாந்தா மரியா, சான் நிக்கோலா, சான் மார்த்தீனோ. ஒரு காலத்தில் இலத்தீன்காரர்கள், கிரேக்கர்கள், வடக்கே இருந்து வந்த லொம்பார்டுகள் என்று மூன்று கூட்டம் ஊரில் தனித்தனியாக, ஆளுக்கொரு தேவாலயத்தோடு இருந்தது. யாருடையது பெரியது என்று சண்டை. தீரவே இல்லை. கடைசியில் ஒரு வருடம் உன்னுடையது தலைமைத் தேவாலயம், அடுத்த வருடம் என்னுடையது என்று முறை வைத்துக்கொண்டார்கள், நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே ஓடியது. சான் நிக்கோலா சதுக்கத்தில் ஒரு பழைய கற்சிலை நிற்கிறது, கூடவே கழுகு, பாம்பு, சிங்கம். அந்த மூன்றும் இந்த மூன்று கூட்டத்தைத்தான் குறிக்கின்றன என்பார்கள்.

எரிமலைப்பிரியன் எழுதியது:

வழிப்போக்கன் சார் எழுதுவதை ரசித்துப் படிப்பேன், ஆனால் இதில் எனக்கு உடன்பாடில்லை. எட்னா வரைக்கும் போய்விட்டுக் கீழே தேவாலயச் சுவரில் துளை எண்ணிக்கொண்டிருப்பானேன்? ஐரோப்பாவிலேயே உயரமான, எப்போதும் உயிரோடு இருக்கிற எரிமலை அது. 3,300 மீட்டரைத் தாண்டி நிற்கிறது, ஒவ்வொரு வெடிப்பிலும் உயரம் கூடும் அல்லது சரிந்து குறையும். தெற்குப் பக்கம் சபியென்ஸா விடுதி வரை, அதாவது 1,900 மீட்டர் வரை, பஸ்ஸிலேயே போகலாம். அங்கிருந்து கேபிள் கார் 2,500 மீட்டருக்குக் கொண்டுவிடும். அம்மாவே கூட வரலாம், ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. காலடியில் கறுப்புச் சாம்பல், தலைக்கு மேல் புகை, எதிரே கடல், இது ஒரு கறுப்புத் தெருவில் கிடைக்குமா? கட்டானியாவில் தங்கி, காலை பஸ்ஸைப் பிடித்துப் போய் மாலை திரும்புங்கள். சிம்பிள்.

வழிப்போக்கன் எழுதியது:

மேலே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காற்று அடித்தால் கேபிள் கார் நின்றுவிடும், மேகம் இறங்கினால் கையை நீட்டினால் கை தெரியாது, ஏப்ரலில் மேலே பனி கூட இருக்கும். வெடிப்பு கொஞ்சம் வலுத்தால் மேல்பகுதியை மூடிவிடுவார்கள், 2,500க்கு மேல் வழிகாட்டி இல்லாமல் போவதும் சரியல்ல. ஒரே ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கி அந்த நாள் கெட்டால் எல்லாம் போச்சு. அடிவார ஊரில் தங்கினால் மலை காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி, தானாகக் கண்ணில் படும். இன்னொன்று, மேலே இருப்பது மலை மட்டும்தான். அந்த மலையோடு ஆயிரம் வருடமாக எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பது கீழேதான் தெரியும். எனக்கு அதுதான் சுவாரசியம், உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

கருங்கல் எழுதியது:

குமரன் கேட்ட பயம் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். படிப்பு நிலவியல் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்னா அடிக்கடி வெடிக்கிறது, ஆனால் அதில் பெரும்பாலானவை உச்சியிலேயே முடிந்துவிடும், லாவா கிழக்கே இருக்கிற வால்லே டெல் போவே என்ற பெரிய ஆளில்லாப் பள்ளத்துக்குள் இறங்கி உறைந்துவிடும். ஊர்களுக்கு ஆபத்து வருவது பக்கவாட்டுச் சரிவில் பிளவு திறக்கும்போது. அப்படி ஒன்று ரந்தாட்சோவையே தொட்டுவிட்டுப் போனது. 1981 மார்ச் 17 அன்று வடமேற்குச் சரிவில் பிளவு திறந்தது. எட்னா லாவா பொதுவாக ஆள் நடந்தே தப்பிக்கிற வேகத்தில்தான் வரும், இது விரைந்து இறங்கியது. திராட்சைத் தோட்டங்கள், சாலை, இரண்டு ரயில் பாதைகள் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு, ஊருக்குக் கிழக்கே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அல்காந்தரா ஆற்றுப் பள்ளத்தாக்கு வரைக்கும் போய் நின்றது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பிளவு கொஞ்சம் மேற்கே தள்ளித் திறந்திருந்தால் நாம் இந்த ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அந்த லாவா இன்றும் அப்படியே கிடக்கிறது, ரந்தாட்சோவிலிருந்து மொந்தெலாகுவார்தியா போகிற சாலை அதன் மேலேயேதான் போகிறது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் மண் கிடையாது, மரம் கிடையாது. ஆனால் கிட்டப் போனால் முற்றிலும் கறுப்பாகவும் இல்லை, சாம்பல் நிறத்தில் ஏதோ பூசினாற்போல இருக்கும். லைக்கன், பாறையில் ஒட்டி வளர்கிற பாசி மாதிரியான ஒன்று. எட்னாவில் புது லாவாவில் முதலில் குடியேறுவது அதுதான், அதன் பின்னால் சிவப்பு வலேரியன் என்ற செடி, அப்புறம் மஞ்சள் பூப் பூக்கிற எட்னா ஜெனிஸ்டா புதர். புதர் வேர் பாறையைப் பிளந்து, சாம்பலும் சருகும் சேர்ந்து, திராட்சை நடுகிற அளவுக்கு மண் உண்டாக நூற்றுக்கணக்கான வருடம் ஆகும். பக்கத்துப் பக்கத்தில் ஒன்று கறுப்பாகவும் ஒன்று பச்சையாகவும் இருந்தால் இரண்டும் வேறு வேறு நூற்றாண்டு லாவா என்று அர்த்தம்.

உயிர் போகிற ஆபத்து அதிகமும் எரிவாய்க்குப் பக்கத்தில்தான், ஊர்களில் இல்லை. 1979 செப்டம்பரில் உச்சிக்கருகே திடீர் வெடிப்பில் ஒன்பது சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். ஊர்க்காரர்கள் அதிகம் பயப்படுவது நிலநடுக்கத்துக்கு. 2018 டிசம்பர் 26 அதிகாலையில் 4.9 அளவில் ஒன்று வந்தது, எண்ணைப் பார்த்தால் சின்னது, ஆனால் ஆழம் மிகக் குறைவு என்பதால் ஸஃபெரானாவைச் சேர்ந்த ஃப்ளேரிப் பகுதியில் வீடுகள் மோசமாக விரிசல் விட்டன. எப்படியும் கட்டானியாவில் இருக்கிற எரிமலைக் கண்காணிப்பு நிலையம் இரவு பகலாக இந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உலகிலேயே மிக நெருக்கமாகக் கவனிக்கப்படும் எரிமலைகளில் இதுவும் ஒன்று. பயப்படாமல் போய் வாருங்கள்.

முனிக்_குமரன் எழுதியது:

கருங்கல், அருமை, அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "தொட்டுவிட்டுப் போனது" என்ற வரியை மட்டும் தாவிவிட்டேன். ஸஃபெரானா எப்படி? என்னோடு வேலை செய்யும் இத்தாலியர் அந்த ஊர்தான் அழகு என்கிறார்.

பலெர்மோ_அக்கா எழுதியது:

வணக்கம் தம்பி. நான் கனகாலமாகப் பலெர்மோவில் இருக்கிறேன், யாழ்ப்பாணப் பக்கம். எட்னா எங்களுக்குத் தீவின் மற்றப் பக்கம், ஆனாலும் பிள்ளைகளின் விடுமுறைக்கு அங்கே போய் வருவம். ஸஃபெரானா வடிவான ஊர்தான், கிழக்குச் சரிவில் கடலைப் பார்த்தபடி இருக்கு. தேனுக்குப் பேர்போன இடம், ஆரஞ்சுப் பூத் தேன், கஷ்கொட்டைப் பூத் தேன் எல்லாம் ருசி பார்த்து வாங்கலாம். அக்டோபர் மாத ஞாயிறுகளில் ஒத்தோப்ராத்தா என்று பெரிய சந்தைத் திருவிழா நடக்கும், அந்த நேரம் கால் வைக்க இடம் இராது. ஏப்ரலில் அமைதி.

ஒன்று மட்டும் கவனம். காற்று அதிகமாக மேற்கிலிருந்து வீசுவதால் மலை வெடித்தால் சாம்பல் கிழக்குப் பக்க ஊர்களில்தான் கூடக் கொட்டும். 2021இல் மாதக்கணக்காக அதுதான் நடந்தது. சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் மாதிரி நினைக்க வேண்டாம், கறுப்பு மணலும் குறுணிக் கல்லும், ஓட்டில் விழுந்தால் சடசட என்று கேட்கும். குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். தண்ணி ஊற்றிக் கழுவவும் கூடாது, சாக்கடைக் கான் அடைத்துப்போகும். ஈரம் படாமல் கூட்டி, பையில் கட்டித் தெருவோரம் வைக்க வேண்டும், பிறகு நகரசபை வந்து எடுக்கும். காரின் வைப்பரைப் போட்டால் கண்ணாடி கீறிப்போகும். இருசக்கர வாகனத்துக்குத் தடையும் போடுவார்கள், சறுக்கும் என்று. கட்டானியா விமான நிலையத்தையும் அப்போது மூடி விடுவார்கள், திரும்புகிற நாளுக்கு முதல்நாள் செய்தியைப் பாருங்கள்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு வாறேன். "வெஜிட்டேரியன்" என்று சொன்னால் அவர்களுக்கு இறைச்சி இல்லை என்று மட்டும்தான் விளங்கும், டூனா மீனையும் நெத்தலியையும் போட்டுத் தருவார்கள். இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்லிவிட வேண்டும். ஸஃபெரானாவில் பிட்ஸா சிச்சிலியானா என்று மூடிப் பொரித்த ஒன்று செய்வார்கள், உள்ளுக்குள் தூமா என்ற புதுச் சீஸ், கூடவே நெத்தலி. நெத்தலி இல்லாமல் கேட்டால் தருவார்கள், அப்போதே பொரிப்பதால் பிரச்சினை இல்லை. கத்தரிக்காய், தக்காளி, உப்பு ரிக்கோட்டா போட்ட பாஸ்தா அல்லா நோர்மா எல்லா இடத்திலும் கிடைக்கும், அது கட்டானியாவின் சொந்தச் சாப்பாடு. கப்போனாத்தாவும் கத்தரிக்காய்தான். காலையில் பாதாம் கிரனீத்தா, அதில் பால் கூட இல்லை, பாதாமும் தண்ணியும் சீனியும்தான், அதைப் பிரியோஷ் பன்னோடு தொட்டுச் சாப்பிடுவது இங்கே காலைச் சாப்பாடு. பன்னில் முட்டை இருக்கும், சில பேக்கரிகளில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள், கேட்டுப் பாருங்கள். சோறு இல்லாமல் அம்மா தவித்தால் கட்டானியாவில் இலங்கைக் கடைகள் இருக்கு, மாவும் தூளும் வாங்கிக்கொண்டு மேலே ஏறலாம்.

ஆம்ஸ்டர்டாம்_ஆறுமுகம் எழுதியது:

நான் ஏன் போர் என்றேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரி ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடை மூடினால் நாலரை, ஐந்து வரை திறக்காது. தேவாலயமும் பூட்டு. தெருவில் ஒரு நாய் கூட இல்லை. சாப்பிட இரவு எட்டு மணி வரை காத்திருக்க வேண்டும். வாடகைக் கார் எடுத்துப் போனேன், திருப்பிக் கொடுக்கும்போது பம்பரில் சாம்பல் கீறல் என்று முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள், கம்பெனி பெயர் வேண்டாம். மலை மேகத்துக்குள் இருந்தது. மொத்தத்தில் நல்ல தூக்கம்.

வழிப்போக்கன் எழுதியது:

அண்ணா, சும்மா இருக்கத்தான் அவர் போகிறார்! மதியத் தூக்கம் அதில் சேர்த்திதான். ஐந்து மணிக்கு மேல் அதே தெருவுக்கு வந்து பாருங்கள், ஊரே வெளியே வந்து நடக்கும், தாத்தாக்கள் சதுக்கத்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை அளந்துகொண்டிருப்பார்கள்.

சந்தேகராமன் எழுதியது:

இழை ரொம்ப ஊர்ச் சுற்றுலாவாகப் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு கேள்வி. லாவா ஊருக்கு வருகிறது என்றால் அதை வேறு பக்கம் திருப்பிவிட முடியாதா? ஸஃபெரானாவில் அப்படி ஏதோ செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா, கட்டுக்கதையா?

கருங்கல் எழுதியது:

உண்மைதான். 1991 டிசம்பர் 14 அன்று தொடங்கிய வெடிப்பு 473 நாள் நீடித்தது. லாவா வால்லே டெல் போவே வழியாக இறங்கி ஸஃபெரானாவை நோக்கி வந்தது. முதலில் வால் கலன்னா என்ற இடத்தில் இருபது மீட்டருக்கு மேல் உயரமாக மண் கரை எழுப்பினார்கள், சில மாதம் தாங்கியது, பிறகு நிரம்பி வழிந்துவிட்டது. அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களைக் கொண்டு கான்கிரீட் கட்டைகளை மேலே லாவா ஓடும் வாய்க்காலுக்குள் போட்டு அடைக்கப் பார்த்தார்கள். ஏன் மேலே என்றால், எட்னா லாவாவின் மேல்பரப்பு உறைந்து கூரை போட்டுக்கொள்ளும், உள்ளே சூடு குறையாமல் குழாயில் ஓடுவதுபோல வெகுதூரம் போய்விடும். அந்தக் குழாயை மேலேயே உடைத்துவிட்டால் லாவா வெளியே பரவி ஆறிவிடும், கீழே வந்துசேராது. 1992 மே 27இல் ஏழு டன் வெடிமருந்து வைத்து வாய்க்காலின் சுவரை உடைத்து, பக்கத்தில் வெட்டி வைத்திருந்த செயற்கைக் கால்வாய்க்குள் ஓட்டத்தைத் திருப்பினார்கள். வேலை செய்தது. லாவா முனை ஊருக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நின்றது.

பலெர்மோ_அக்கா எழுதியது:

இதையே ஸஃபெரானா ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், வெடிமருந்தைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள், மாதா காப்பாற்றினா என்பார்கள். லாவா நின்ற இடத்தில் மாதாவுக்குச் சின்னதாக ஒரு இடம் அமைத்து வைத்திருக்கிறார்கள், பூ வாடாமல் இருக்கும். ஊரிலிருந்து அதுவரைக்கும் வாகனத்திலேயே போகலாம். நான் இதில் யார் பக்கமும் இல்லை. பலெர்மோவில் எங்கட சனமே, சைவக்காரர் கூட, சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவிலுக்கு மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறிப்போய் நேர்த்தி வைக்கிறவை.

சந்தேகராமன் எழுதியது:

சரி, திருப்பினார்கள். திருப்பிய லாவா எங்கே போகும்? வேறு யாரோ ஒருவன் தோட்டத்துக்குத்தானே? அதை யார் முடிவு செய்வது?

எரிமலைப்பிரியன் எழுதியது:

ஆகா, இதற்குப் பதில் எனக்குத் தெரியும். 1669. மார்ச் 11 அன்று நிக்கொலோசி ஊருக்குப் பக்கத்தில் பிளவு திறந்தது. அங்கே உண்டான இரட்டைக் கூம்பு, மொந்தி ரொஸ்ஸி, இப்போதும் நிற்கிறது. லாவா வழியில் இருந்த ஊர்களை விழுங்கிக்கொண்டு கட்டானியாவை நோக்கி இறங்கியது. டியேகோ பாப்பலார்தோ என்ற கட்டானியாக்காரர் ஐம்பது பேர் போலச் சேர்த்துக்கொண்டு, தண்ணீரில் நனைத்த மாட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, இரும்புக் கடப்பாரையோடு போய் லாவாவின் பக்கச் சுவரை இடித்தார். திறப்பு விழுந்தது, லாவா புது வழியில் ஓடத் தொடங்கியது. அந்த வழி பாத்தெர்னோ ஊரை நோக்கி. சும்மா இருப்பார்களா? பாத்தெர்னோவிலிருந்து சுமார் ஐந்நூறு பேர் ஆயுதத்தோடு வந்து இவர்களை விரட்டிவிட்டார்கள். உடைப்பு மறுபடி அடைத்துக்கொண்டது, லாவா கட்டானியாவுக்கே வந்து மதில் தாண்டி மேற்குப் பகுதியை மூடியது, உர்சினோ கோட்டையைச் சுற்றி வளைத்துக் கடலில் போய் விழுந்தது. கடற்கரையில் இருந்த கோட்டை இப்போது கடலுக்கு வெகு தூரம் தள்ளி நிற்கிறது. கட்டானியாவில் இறங்கினால் அதைப் பார்த்துவிடுங்கள், குமரன். அதற்கு மலை ஏற வேண்டாம்!

சந்தேகராமன் எழுதியது:

பாத்தெர்னோக்காரர்கள் செய்தது நியாயம் என்பேன்.

கருங்கல் எழுதியது:

நான் கட்டானியாக்காரியாக இருந்தால் வேறு மாதிரிச் சொல்வேன். 1992இல் இந்தச் சிக்கல் வரவில்லை, திருப்பிவிட்ட இடம் ஆளில்லாத பள்ளம். எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது. 1928 நவம்பரில் மஸ்காலி ஊரை லாவா இரண்டே நாளில் மூடிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக அவகாசம் இருந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளி நேர்நேர்த் தெருக்களோடு புது மஸ்காலியைக் கட்டினார்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

இந்த வகையில் ரந்தாட்சோ ஒரு விசித்திரம். இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் ஊரைப் பெரிதாக அழித்தது மலை இல்லை, மனிதர்கள். 1943இல் பின்வாங்கிய ஜெர்மன் படை இந்த ஊரைப் பிடிமானமாக வைத்துக்கொண்டது, நேச நாட்டு விமானங்கள் வாரக்கணக்கில் குண்டு போட்டன, ஆகஸ்ட் 13இல் அமெரிக்கர்கள் உள்ளே வந்தபோது பெரும்பகுதி இடிந்து கிடந்தது. நடுத்தெருவில் நடக்கும்போது ஒரு பழைய வளைவு, அதற்கடுத்து ஐம்பதுகளின் சிமென்ட் வீடு, மறுபடி ஒரு கறுப்பு ஜன்னல் என்று கலந்து வருவது அதனால்தான். அழகான ஊர் வேண்டுமென்றால் ஸஃபெரானா, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இந்த ஒட்டுப்போட்ட ஊர்தான் பிடிக்கும்.

ஆகஸ்டில் போக முடிந்தால் 15ஆம் தேதி மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு வாரா என்ற ஊர்வலம். நம் ஊர்த் தேர் மாதிரியேதான், ஏறக்குறைய இருபது மீட்டர் உயரம், வடம் பிடித்து நடுத்தெருவில் இழுக்கிறார்கள். வித்தியாசம், மேலே உட்காருவது சிலைகள் இல்லை, உயிருள்ள பிள்ளைகள். தேவதை வேஷம் போட்ட சிறுவர் சிறுமியரைக் கம்பத்தில் கட்டி அடுக்கடுக்காக ஏற்றி, சில அடுக்குகள் சுழலவும் செய்யும். கீழே அம்மாக்கள் அண்ணாந்து பார்த்தபடி கூடவே நடப்பார்கள். ஏப்ரலில் இது கிடையாது, ஆனால் கோட்டைக்குள் இருக்கிற அருங்காட்சியகத்தில் சிசிலிப் பொம்மலாட்டப் பொம்மைகள் இருக்கின்றன, இரும்புக் கவசம் போட்ட வீரர்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். அந்தக் கோட்டை வெகுகாலம் சிறையாக இருந்தது.

முனிக்_குமரன் எழுதியது:

முடிவு செய்துவிட்டேன், ரந்தாட்சோ. ஆறுமுகம் அண்ணன் சொன்ன அந்தத் தூக்கமும் எனக்கு வேண்டும். இப்போது போக்குவரத்து. கட்டானியாவிலிருந்து மலையைச் சுற்றி ஓடும் ரயில் ஒன்று உண்டாமே? வழியில் பிஸ்தாவுக்குப் பேர்போன ஊர் கூட வருமாமே?

வழிப்போக்கன் எழுதியது:

சிர்கும்எட்னேயா. 1895இல் முதல் பகுதி திறந்தார்கள், 1898இல் முடித்தார்கள், குறுகிய பாதை, சுமார் 110 கிலோமீட்டர். நேராகப் போனால் அரை மணியில் முடிகிற தூரத்தை மலையைச் சுற்றிப் போகும், பழைய லாவாவை வெட்டிப் போட்ட பாதை, ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் சப்பாத்திக்கள்ளியும் பிஸ்தா மரமும். இரண்டு விஷயம் கவனியுங்கள். ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் ரயில் ஓடாது, ஏப்ரல் 25 இத்தாலியில் விடுதலை நாள், மே 1ம் விடுமுறை, உங்கள் பயணம் சரியாக அதற்குள் மாட்டுகிறது. அடுத்தது, மெட்ரோ வேலையால் கட்டானியாப் பக்கம் ரயிலுக்குப் பதில் பஸ் விடுகிறார்கள், கிளம்புமுன் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் கடலோரச் சாதாரண ரயிலில் ஜார்ரே வரை போய், அங்கிருந்து இந்தச் சின்ன ரயிலில் லிங்குவாகுளோசா வழியாக ரந்தாட்சோ ஏறுவேன், தூரமும் குறைவு, திராட்சைத் தோட்டங்களும் அந்தப் பக்கம்தான்.

பிஸ்தா ஊர் புரோன்டே. மேற்குச் சரிவு, ரந்தாட்சோவிலிருந்து அதே ரயில்தான். லாவாப் பாறை இடுக்கில் காட்டுத் தெரெபிந்த் மரத்தில் ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை வருடத்தில் மட்டும் அறுவடை, அதுவும் கையால்தான், பாறையில் எந்த இயந்திரமும் ஓடாது. கடையில் வாங்கும்போது பருப்பின் நிறத்தைப் பாருங்கள், புரோன்டே பிஸ்தா உள்ளே பளிச்சென்று பச்சை, தோல் ஊதா. மஞ்சளாக இருந்தால் வேறெங்கோ இருந்து வந்தது. டப்பாவில் இனிப்பு க்ரீமாக விற்பதில் பாதிக்குமேல் சீனியும் எண்ணெயும்தான், என் கருத்து.

எரிமலைப்பிரியன் எழுதியது:

புரோன்டேக்கு இன்னொரு பெருமை, ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் 1799இல் அந்த ஊருக்குக் கோமகன் ஆக்கப்பட்டார். ஒரு தடவை கூட அங்கே போனதில்லை!

சந்தேகராமன் எழுதியது:

பெருமையா அது? ஊர்க்காரர்கள் நிலத்தை இழந்தார்கள். 1860இல், இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி வந்தால் நிலம் கிடைக்கும் என்று நம்பி விவசாயிகள் கிளர்ந்தார்கள், கொலைகளும் நடந்தன, அடக்க வந்த கரிபால்டியின் தளபதி நீனோ பிக்ஸியோ அவசர விசாரணை வைத்து ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார். நெல்சன் வாரிசுகளின் மாளிகையை ஊராட்சி விலைக்கு வாங்கியது 1981இல்தான். பிஸ்தா ஐஸ்கிரீம் சாப்பிடும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், ருசி ஒன்றும் கெடாது.

முனிக்_குமரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளி மதியம் ஜார்ரே வழியாக ரந்தாட்சோ, சனிக்கிழமை புரோன்டே போய் வருவது, ஞாயிறு ஊரில் சும்மா இருப்பது, திங்கள் கட்டானியா, கோட்டை, அன்றிரவு விமானம். 25ஆம் தேதிக்கு முந்தைய வாரத்துக்கு மாற்றிவிட்டேன். சரியா வரும்?

வழிப்போக்கன் எழுதியது:

வரும். ஞாயிறு காலை ரந்தாட்சோவில் வாரச்சந்தை உண்டு, சுற்றுவட்டாரத்துக்கே பெரியது, அன்றைக்குத்தான் ரயிலும் கிடையாது, ஆகவே நீங்கள் முன்கூட்டியே ஊருக்குள் இருப்பது ரொம்ப வசதி. சீக்கிரம் போங்கள், மதியத்துக்குள் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். இரவில் நல்ல குளிர் இருக்கும், வடக்குச் சரிவு, அம்மாவுக்கு ஸ்வெட்டர் போதாது, கோட் எடுத்துக்கொள்ளுங்கள். 1981 லாவாவைப் பார்க்கப் போனால் செருப்பு வேண்டாம், கண்ணாடித் துண்டு மாதிரிக் கிழிக்கும், ஷூ போடுங்கள், கீழே விழுந்தால் கையை ஊன்றாமல் இருக்க முடியாது என்பதால் அம்மாவைச் சாலையோரத்திலேயே நிறுத்திக் காட்டிவிடுங்கள். அறைக்காரரிடம் வெள்ளி மதியம் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முதல்நாளே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் சாவி கொடுக்க வேண்டியவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஆம்ஸ்டர்டாம்_ஆறுமுகம் எழுதியது:

அதைத்தான் நானும் சொன்னேன்.